குரங்குக்குத் தெளித்த பால்

வாந்திபேதியில் ஒரு பிள்ளை செத்துப்போகிறது. தண்ணீரைக் காய்ச்சாமல் கொடுத்த தாய் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். டாக்டர் வந்து, காய்ச்சி வடிகட்டி மூடி வையுங்கள் என்று புத்தி சொல்கிறார். கிரீடம் கட்டிய கிருமிராஜன் அலறிக்கொண்டு ஓடுகிறான். இதுதான் நாடகம். முக்கால் மணி நேரம். போளூரில் இருந்த ஒரு தொண்டு நிறுவனம், தெருக்கூத்து ஆடுகிறவர்கள் ஐந்து பேரைப் பிடித்து, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருபது ஊர்களில் இதைப் போடச் சொல்லியிருந்தது.

கட்டியக்காரன் வேஷம் வடிவேலுக்கு. கட்டியக்காரன் கூத்தில் கோமாளி, கதையை நடத்திப் போகிறவனும் அவன்தான். ராஜா வேஷக்காரனையும் கேலி பேசுவான், முன்வரிசையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதரையும் கேலி பேசுவான். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அது அவனுக்கு உள்ள பாத்தியதை. இந்த நாடகத்தில் அவன் கேலி பேச வேண்டியது அந்தத் தாயை மட்டும்தான்.

மாசி பிறந்துவிட்டால் வடிவேலின் ஊரான ஈச்சங்கொல்லையில் எல்லா வீட்டு வாசலிலும் புளி கிடக்கும். மலையில் உலுக்கி மூட்டை கட்டிக் கொண்டுவந்ததை வெயிலில் போட்டு, ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்க வேண்டும். அவன் மனைவி கோகிலவாணி ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, புளியைக் கல்லில் வைத்து இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் பிசுக்கு. வடிவேலு வண்டியை நிறுத்திவிட்டு வந்து, பக்கத்தில் கிடந்த முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழம நம்ம ஊரு," என்றான்.

"இன்னா நம்ம ஊரு?"

"நாடகந்தான். மூணாவதா நம்ம ஊர்ல போடறாங்களாம். கடைசியா வெச்சிக்கலாம்னு நாடகம் போடற மேடம்கிட்ட கேட்டுப் பாத்தேன். லிஸ்ட்டு ஆபீசுக்குப் போயிடுச்சாம்."

கம்பி நின்றது.

"அதுல நீ இன்னா பேசற?"

"உனுக்குத் தெரியாதா இன்னா."

"தெரியாது. நான் எங்க பாத்தேன்? சொல்லு."

அவன் முறத்தில் இருந்த கொட்டைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"பெத்தா போதுமாடி, வளக்கத் தெரிய வாணாமான்னு கேப்பேன்."

"யார?"

"பொம்பள வேஷம் கட்டனவன."

"மத்த ஊர்ல அவன. நம்ம ஊர்ல?"

"எழுதிக் குடுத்தத பேசறேன் வாணி. நானா எழுதனேன்? மெட்ராஸ்ல எவனோ எழுதனது."

"பேசு. நான் பேசாதன்னா சொன்னேன்? ஊரே திரும்பி என்னிய பாக்கும். பாக்கட்டும். ஆறு மாசமாப் பாத்துக்கினுதான் இருக்குது."

அவள் மறுபடி தட்ட ஆரம்பித்தாள். தட்டின தட்டில் கொட்டையே உடைந்து தெறித்தது.

காவியா அவர்களுக்கு ஒரே பெண். நாலாவது படித்தாள். போன ஆவணியில் இரண்டு நாள் வாந்திபேதி. மூன்றாம் நாள் விடியும்போது ஆம்புலன்ஸ் சந்தவாசலைத் தாண்டுவதற்குள் அம்மா மடியிலேயே அடங்கிவிட்டாள். ஊரில் பதினோரு பேருக்கு வந்தது. பத்துப் பேர் பிழைத்துக்கொண்டார்கள். சுகாதாரத்துறை ஆட்கள் வந்து விசாரித்தபோது, கூடவே நடந்து வீடு வீடாகக் காட்டியவர் டேங்க் ஆபரேட்டர் ரங்கசாமி. "இந்த வூட்லதாங்க தண்ணி காய்ச்ச மாட்டாங்க. பொழுதுக்கும் கூலிக்குப் போறவங்க, சுத்தபத்தம் கெடையாது" என்று அவர் சொன்னதைத்தான் அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

காய்ச்சவில்லை என்பது உண்மைதான். ஈச்சங்கொல்லையில் எவள் காய்ச்சினாள்? விடிவதற்குள் குழாயடியில் குடம் வைத்து, களி கிண்டி வைத்துவிட்டு, ஏழு மணிக்குள் வாழைத்தோப்பில் நிற்க வேண்டும். சோறு வேகவே விறகு போதாத வீட்டில் தண்ணீருக்கு ஒரு தடவை அடுப்பு மூட்டுவார்களா? இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரிந்தும் பழியை ஒருத்தி தலையில் போட்டுவிட்டால் மற்றவர்களுக்கு நிம்மதி. கோகிலவாணியும் அதை ஒப்புக்கொண்டுவிட்டாள். பெண்ணைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துத்தான் ஆறு மாதமாக அவள் சோற்றில் கை வைத்தாள், கை வைத்த சோற்றைத் தின்னாமல் எழுந்தாள்.

மறுநாள் அவள் ஆடுகளுக்குத் தழை ஒடிக்க டேங்க் மேட்டுக்குப் பின்னால் போனாள். வழக்கமாகப் போகிற இடம் இல்லை. கோடை வருவதற்கு முன்பே கீழே தழை தீர்ந்துபோனதால் மேலே ஏறினாள். ஓடைக்கரையில் ஒரு நாவல் மரம். அதன் அடியில் முழ நீளத்துக்கு ஒரு மேடு. சுற்றிலும் கூழாங்கல் அடுக்கி, தலைமாட்டில் ஒரு கல் நட்டு, கல்லில் செந்தூரம் தடவியிருந்தது. செந்தூரம் புதிது. சனிக்கிழமை பூசியதாக இருக்கலாம்.

ஆடு மேய்க்கிற சடையன் பாறைமேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"சடையண்ணா, இது இன்னா?"

"அது குரங்கும்மா. நம்ம ரங்கசாமி பொதைச்சது."

"எப்போ?"

சடையன் பீடியைக் கல்லில் தேய்த்து அணைத்தார். "ஆவணியில. அந்த வாரந்தான், உங்க வூட்ல..." என்று இழுத்தார்.

"சொல்லுங்க."

"உம் பொண்ண எடுத்தாங்க பாரு, அன்னிக்கு. கரண்டுல அடிபட்டுச்சின்னு சொன்னாரு. மஞ்சத் தண்ணி ஊத்தி, கோடித் துணி சுத்தி, வெத்தல மால போட்டு அவரே குழி தோண்டனாரு. யார்கிட்டயும் சொல்லிக்காத சடையான்னாரு. மூணாம் நாளு சொம்புல பால் எடுத்தாந்து தெளிச்சாரு. உங்க வூட்லயும் அன்னிக்குத்தான் பால் தெளிச்சது. நான் அங்க தலையக் காட்டிட்டு நேரா ஆட்ட ஓட்டிக்கினு இங்க வந்தேன், அதான் ஞாபகம் இருக்குது."

கோகிலவாணி அரிவாளைக் கீழே வைத்தாள்.

"ஏண்ணா, குரங்கு காஞ்சி இருந்துச்சா, நனஞ்சி இருந்துச்சா?"

"ஊறிப்போயி இருந்துச்சிம்மா. தூக்கும்போது முடி கையோட வந்துச்சி. மழையில நனஞ்சதுன்னு நெனச்சேன்."

"அந்த வாரம் மழ ஏது? கொல்லையில மல்லாட்டச் செடியெல்லாம் காஞ்சி கருகிப்போச்சின்னு ஊரே பொலம்பிக்கினு இருந்துச்சே."

சடையன் அவளைப் பார்த்தார். பிறகு மேட்டின் மேல் நின்ற டேங்கைப் பார்த்தார். அதன் மூடி எப்போதோ காற்றில் உடைந்து, பாதி வாய்க்கு ஒரு தகரம் போட்டு மேலே கல் வைத்திருந்தது. டேங்கின் வயிற்றில், சுத்தம் செய்த நாள் என்று எழுதி, மாதம் தவறாமல் ஐந்தாம் தேதியும் இருபதாம் தேதியும் போட்டிருந்தது.

இந்தப் பக்கத்தில் குரங்கு செத்தால் சும்மா விடமாட்டார்கள். ஆஞ்சநேயர் என்று சொல்லி, பாடை கட்டி, மேளம் வைத்து ஊரே தூக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸில் அடிபட்ட குரங்குக்கு ஈச்சங்கொல்லை பேனர் கட்டி, பதினாறாம் நாள் அன்னதானம் போட்டது. அந்த அன்னதானத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் ஊற்றியவர் ரங்கசாமி. அப்படிப்பட்டவர் இந்தக் குரங்கை மட்டும் ஒருவருக்கும் சொல்லாமல் புதைத்திருக்கிறார். சும்மா தூக்கி ஓடையில் எறிந்திருந்தால் நாய் நரி தின்று போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. அவருடைய பக்தி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அப்ப நான் கொல்லல," என்றாள் கோகிலவாணி. சடையனிடம் சொல்லவில்லை. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, ஆறு மாதமாக வராத அழுகையை அழுதாள். அழுது முடித்தபோது அவளுக்குள் துக்கம் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் ஆத்திரம்.

சாயங்காலம் களி கிண்டிக்கொண்டே வடிவேலிடம் சொன்னாள். துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றியபடி, ஒரு வார்த்தை குறையாமல் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். கருவாட்டுக் குழம்பு கொதித்து வழிந்து அடுப்பில் சுருசுருத்தது, இருவரும் கவனிக்கவில்லை.

"போலீசுக்குப் போலாம்," என்றான் கடைசியில்.

"போயி? எலும்பத் தோண்டிக் காட்டுவியா? கரண்டுல செத்துச்சின்னுதான் சொல்லுவாரு. ஊரும் ஆமான்னும். தண்ணி தொறந்து வுடறவரு, நாளைக்கு நம்ம தெருவுக்குக் கொழா மூடிட்டார்னா இன்னா பண்றதுன்னு கம்னு இருப்பாங்க."

"அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற?"

"ஊரு நடுவுல, நாடகம் பாக்க வர்ற ஆபீசருங்க முன்னாடி, அந்தாளு வாயாலயே வரணும். நான் பொண்ணக் கொன்னவளுன்னு பேர் வாங்குனது ஊரு நடுவுலதான? அங்கியே வரணும்."

"வந்தா போதுமா உனுக்கு?"

அவள் யோசித்தாள். "போதாது. ஆனா மொதல்ல அது வரட்டும்."

வடிவேலு களியை உருண்டையாகப் பிடித்தவன், தின்னாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"ஞாயித்துக்கெழம ஆட்டக்காரங்களுக்குச் சோறு ரங்கசாமி வூட்லதாம்மே. சோறு தின்ன வூட்டக் கட்டியக்காரன் வாயில இழுக்கக் கூடாது. வேஷம் கட்டுன மொத நாளே வாத்தியாரு என் தலைல கை வெச்சிச் சொன்னது. இருவது வருசமா மீறல."

"மீறச் சொல்லலையே," என்றாள் அவள். "தின்னாத."

ஞாயிறு மதியம் ரங்கசாமி வீட்டுக் கூடத்தில் ஐந்து பேருக்கும் இலை போட்டார்கள். சனிக்கிழமை வடைமாலை சாத்துகிற வீடு, கவிச்சி கிடையாது. கத்திரிக்காய்க் காரக்குழம்பு, அவரைப் பொரியல், அப்பளம், பருப்புப் பாயசம். மூலையில் முக்காலியின் மேல் சந்தவாசலிலிருந்து வருகிற கேன் தண்ணீர். ரங்கசாமியின் மனைவி முனியம்மா அதைச் சாய்த்துச் சாய்த்து டம்ளர்களில் ஊற்றினாள். ஊருக்கெல்லாம் டேங்க் தண்ணீர் விடுகிறவர் வீட்டில் கேன் தண்ணீர். இதை வடிவேலு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான், இன்றைக்குத்தான் உறைத்தது.

"குந்து வடிவேலு. ஏன் நின்னுக்கினு கீற?" என்றார் ரங்கசாமி.

"இல்லண்ணா. விரதம்."

"ஞாயித்துக்கெழம இன்னாடா விரதம்?"

"எங்க வூட்டுக்காரி வெச்ச விரதம்ணா."

"பாயசமாவது குடி."

"ஒரு வாய்த் தண்ணிகூட வாணாம்ணா."

கூட வந்த நான்கு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கட்டியக்காரன் ஒரு வீட்டில் சாப்பிட மறுத்தால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும். மிருதங்கக்காரன் பிசைந்த சோற்றை வாயில் போட்டுக்கொண்டே, மெதுவாக, "பாத்து மச்சான்" என்றான். ரங்கசாமிக்கு ஒன்றும் தோன்றவில்லை. மோர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்துத் திடலில் ஊர் கூடியது. புங்கமர நிழலில் நாற்காலிகள். ஒன்றியத்திலிருந்து இரண்டு அதிகாரிகள், ஊராட்சித் தலைவர், பக்கத்தில் ரங்கசாமி. தொண்டு நிறுவனத்து ஆன்மேரி மைக்கைப் பிடித்து, இந்த ஊரின் குடிநீரை இத்தனை வருஷமாகக் காத்து வருகிற ஐயாவுக்கு என்று சொல்லி, ரங்கசாமிக்குச் சால்வை போட்டாள். பாவம், அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஊர் கை தட்டியது. பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கோகிலவாணி கை தட்டவில்லை. மடியில் ஒரு பித்தளைத் தட்டு வைத்திருந்தாள்.

நாடகம் ஆரம்பித்தது. கிருமிராஜன் தாண்டவம் ஆடினான், குழந்தைகள் கத்தின. தாய் வேஷக்காரன் துணிப் பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு மாரில் அடித்து அழுதான். மற்ற ஊர்களில் சிரித்த இடத்தில் இங்கே யாரும் சிரிக்கவில்லை. எல்லாத் தலையும் மெல்ல கோகிலவாணி பக்கம் திரும்பியது. வடிவேலு பேச வேண்டிய இடம் வந்தது. மிருதங்கம் முத்தாய்ப்பாக ஒரு தீர்மானம் வைத்துவிட்டு நின்றது.

வடிவேலு பேசவில்லை. கூம்புக் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வட்டமாக ஒரு சுற்று நடந்தான்.

"சபையோரே, இந்தப் புள்ள செத்துச்சி. இதுக்கு முன்னாடி இன்னொரு சாவு நடந்துச்சி. அத்த நீங்க யாரும் பாக்கல. பாக்கறீங்களா?"

"பாக்கறோம்," என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன.

வடிவேலு குந்தி உட்கார்ந்தான். விலாவைச் சொறிந்தான். அவ்வளவுதான், குரங்கு வந்துவிட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. குரங்கு ஓடைக்குப் போயிற்று, ஓடை காய்ந்து கிடந்தது. குழாயை நக்கிப் பார்த்தது. அண்ணாந்து எதையோ பார்த்து, ஏணியில் ஏறியது. தகரத்தை நகர்த்தி எட்டிப் பார்த்தது. ஆன்மேரி கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், அதில் குரங்கே இல்லை. குரங்கு தவறி உள்ளே விழுந்தது. சுற்றிச் சுற்றி நீந்தியது. சுவரைப் பிறாண்டியது. வழுக்கி விழுந்தது. மறுபடி நீந்தியது. மிருதங்கக்காரன் சொல்லாமலே புரிந்துகொண்டு, விரலால் மட்டும் தட்டினான். தட்டுத் தட்டாகக் குறைந்து நின்றது. பிள்ளைகள் சிரிப்பை நிறுத்தி வெகு நேரம் ஆகியிருந்தது.

வடிவேலு எழுந்தான். இப்போது அவன் மனிதன். வேட்டியை மடித்துக் கட்டி, ஏணியில் ஏறி, எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டான். குனிந்து எதையோ இழுத்துத் தோளில் போட்டான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். குழி தோண்டினான். மஞ்சள் தண்ணீர் ஊற்றினான். கோடித் துணி சுற்றினான். புதைத்துவிட்டு, சொம்பில் பால் தெளித்தான்.

ரங்கசாமி எழுந்துவிட்டார். தோளிலிருந்த சால்வை கீழே விழுந்தது.

"இன்னா நாடகம் இது? மேடம், எழுதிக் குடுத்தத ஆடச் சொல்லுங்க! குடிச்சிட்டு வந்து ஆடறான்!"

கோகிலவாணி தட்டோடு நடு வட்டத்துக்கு வந்தாள். கூத்து வட்டத்துக்குள் பெண் கால் வைக்கிற வழக்கம் அங்கே இல்லை. தட்டைக் கீழே வைத்து, சூடத்தைக் கட்டியாக அடுக்கி, பற்ற வைத்தாள்.

"ரங்கசாமிண்ணா, வா. குரங்கு கரண்டுலதான் செத்துச்சி, டேங்க்ல கெடக்கலன்னு சொல்லி இந்தச் சூடத்த அணைச்சிட்டுப் போ. நான் இப்பவே ஊர வுட்டுப் போயிடறேன்."

"யம்மா, ஆபீசருங்க வந்திருக்கிற எடத்துல இன்னா இது," என்றார் தலைவர்.

"அவங்க இருக்கும்போதுதான் கேக்கணும்."

"நான் எதுக்கு அணைக்கணும்? நீ யாரு என்னியக் கேக்க?" என்றார் ரங்கசாமி.

"நான் யாருமில்ல. நீ பால் தெளிச்சியே, அந்த ஆஞ்சநேயரு கேக்கறாரு. அணைச்சிடு."

"அணைக்கட்டும், அணைக்கட்டும்," என்று பெண்கள் பக்கத்தில் எழுந்தார்கள். பதினோரு பேரில் பிழைத்தவர்களின் தாய்மார்கள் அங்கேதான் இருந்தார்கள்.

ரங்கசாமி நடந்து வந்தார். பொய் சொல்ல அவருக்குப் பயமில்லை, ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நெற்றியில் செந்தூரம் வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. குனிந்தார். உள்ளங்கையைச் சூடத்தின் மேல் கொண்டுபோனார்.

"அணைச்சிடாதய்யா!" என்று முனியம்மா கத்தினாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். "அணைச்சிடாத! நமக்கும் புள்ளைங்க இருக்குது!"

அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ரங்கசாமி கையை இழுத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

"கெடந்துச்சி," என்றார். "ரெண்டு மூணு நாளாக் கெடந்துருக்கும்போல. மூடி ஒடஞ்சிபோயி தகரந்தான் போட்டிருந்தேன். புள்ளைங்க வாந்தி எடுக்குதுன்னதும் ஏறிப் பாத்தேன். எடுத்துட்டேன்."

"தண்ணிய?"

"தொறந்து வுட்டா ஊரே இன்னான்னு கேக்கும்னு... வுட்டுட்டேன்."

"அந்தத் தண்ணியவே வுட்ட."

கூட்டத்தில் ஒருத்தி குமட்டிக்கொண்டு ஓரமாக ஓடினாள்.

"எம் பொண்ணு சாவுக்கு வந்தியே," என்றாள் கோகிலவாணி. அவள் குரல் உயரவில்லை. "மால போட்டியே. என் கையப் புடிச்சி அழுதியே. அழுதுட்டுப் போயி ஆபீசருங்ககிட்ட என்னியக் காட்டிக் குடுத்தியே. குரங்குக்குப் பயந்த. எங்களுக்குப் பயப்படல, இல்ல?"

இளவட்டங்கள் நாலு பேர் பாய்ந்து சட்டையைப் பிடித்தார்கள். ஓர் அறை விழுந்தது. கோகிலவாணி குறுக்கே போய் நின்றாள்.

"அடிக்காதீங்க. ரெண்டு நாளு வலிச்சிட்டுப் போயிடும். அது எனுக்கு வாணாம்."

அவள் ஆன்மேரியிடம் திரும்பினாள். "மேடம், இன்னும் எத்தினி ஊருங்க?"

"பதினேழுங்க," என்றாள் ஆன்மேரி.

"அந்தப் பொம்பள வேஷத்த எடுத்துடுங்க. பதினேழு ஊருக்கும் இந்தாளு வரட்டும். இவரு வேஷத்த இவரே கட்டட்டும். இப்ப சொன்னத அங்கியும் வந்து சொல்லட்டும்."

"இவர் மேல கேஸ் போடணும்மா. வேலையிலிருந்து எடுக்கணும்," என்றார் அதிகாரிகளில் ஒருவர்.

"நீங்க உங்க கேசப் போடுங்க சார். இது என் கேசு."

ரங்கசாமி முடியாது என்று தலையை ஆட்டிப் பார்த்தார். முனியம்மாதான் அவர் தோளில் கை வைத்து, "போய்ட்டு வாய்யா. பாவம் தொலையட்டும்," என்றாள். சூடம் தானாக எரிந்து அடங்கியது.

அடுத்த நாள் ஊரே நின்று டேங்கைத் திறந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, இரண்டு தடவை கழுவி, புதிதாகச் சிமெண்ட் மூடி போட்டார்கள். ரங்கசாமி வேலையை இழந்தார். போளூர் ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை போய்வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டக்காரர்களோடு வேனில் ஏறினார்.

வேஷம் எதுவும் கட்டவில்லை. முகத்துக்கு அரிதாரம் கிடையாது. அன்றாடம் போடும் வெள்ளைச் சட்டைதான். வடிவேலு குரங்காக விழுந்து செத்த பிறகு, அவர் நடுவில் வந்து நின்று, என் பேரு ரங்கசாமி, டேங்க்ல குரங்கு கெடந்துச்சி, எடுத்துட்டு யாருக்கும் சொல்லல, அந்தத் தண்ணியவே வுட்டேன், ஒரு பொண்ணு செத்துச்சி என்று சொல்ல வேண்டும். ஐந்து வாக்கியம். ஒவ்வோர் ஊரிலும் கோகிலவாணி முதல் வரிசையில் உட்கார்ந்து, புளி நார் ஏறிக் கறுத்த விரல்களை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள். ஓர் ஊரில் ஒரு கிழவர் காறித் துப்பினார். இன்னோர் ஊரில் நாடகம் முடிவதற்குள் பெண்கள் எழுந்து போய், தங்கள் ஊர் டேங்க்காரரை வீட்டிலிருந்து இழுத்துவந்து ஏணியில் ஏற்றினார்கள். ஆன்மேரி அதை ரிப்போர்ட்டில் எழுதினாள். கோகிலவாணிக்கு ரிப்போர்ட்டில் அக்கறை இல்லை. ரங்கசாமி சொல்லும்போது அவர் கழுத்து நரம்பு துடிக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

பதினோராவது ஊர் படவேட்டுக்குப் பக்கத்தில். வேன் வாழைத்தோப்புகளுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தபோது ரங்கசாமி பின் இருக்கையிலிருந்து எழுந்து வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார்.

"யம்மா, இந்த ஊரு ஒண்டி வாணாம்மா. எம் பொண்ணு சிவசங்கரியக் குடுத்த ஊரு. சம்பந்தி வூட்ல இன்னும் முழுசாத் தெரியாது. வேற எந்த ஊருன்னாலும் ரெண்டு தடவ சொல்றேன்."

கோகிலவாணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வடிவேலு குல்லாயை மடியில் வைத்துத் திருகினான்.

"போதும்மே," என்றான் மெதுவாக. "இது ஒண்ணு வுட்டுடு."

"உனுக்குப் போதும்னா நீ ஆடாத," என்றாள் அவள். "நானே குரங்கா வுழறேன்."

அம்மன் கோயில் திடலில் நல்ல கூட்டம். சிவசங்கரி இடுப்பில் குழந்தையோடு பெண்கள் பக்கத்தில் நின்றிருந்தாள். அப்பா நாடகத்தில் நடிக்கிறார் என்று மட்டும் தெரிந்து, மாமியாரையும் நாத்தனாரையும் அழைத்துவந்திருந்தாள். குழந்தை தாத்தாவைப் பார்த்ததும் கையை நீட்டித் தாவியது. வடிவேலு விழுந்தான், நீந்தினான், செத்தான். ரங்கசாமி நடுவில் வந்து நின்றார். மகள் நிற்கிற பக்கம் பார்க்காமல், கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய ஐந்து வாக்கியத்தையும் சொல்லி முடித்தார். பக்கத்தில் இருந்த மிருதங்கக்காரனுக்கே காதில் விழவில்லை. கைகூப்பிவிட்டுத் திரும்பினார்.

"கேக்கல," என்றாள் கோகிலவாணி.